மனு கொடுத்தால் ரசீது வருமா? காவல்துறையின் இணையச் சேவையும் அதற்குப் பின்னால் இருக்கும் உள்துறையும்

ஹோட்டலுக்கும் செல்போனுக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிற நாம், நம் வரிப்பணத்தில் நடக்கிற போலீஸ் சேவைக்கு மட்டும் எழுதுவதே இல்லை. பிடிக்கவில்லை என்றால் வேறு இடத்துக்குப் போக முடியாத சேவை அது. அதனாலேயே எழுத வேண்டும் என்று தோன்றியது. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவை இணையதளத்தை எனக்காகவும் சொந்தபந்தங்களுக்காகவும் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன், எனவே தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவணம் ஏதாவது தொலைந்துவிட்டதா, தயங்காமல் அதில் போய்ப் பதிவு செய்யுங்கள். எஃப்ஐஆர், அதாவது போலீஸ் வழக்காகப் பதிவு செய்யும் முதல் தகவல் அறிக்கை, அதன் நகல் வேண்டுமா, அதற்கும் ஸ்டேஷன் படியேற வேண்டாம். ஆனால் புகார் கொடுக்க வேண்டும், அதன் மேல் நடவடிக்கை வேண்டும் என்றால் இணையத்தை மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். ஏன் அப்படி என்று சொல்ல ஆரம்பித்தால் இந்தச் சேவையை நடத்துகிற உள்துறையின் கதையையும் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் நீளும்.

முதலில் நல்லது. தொலைந்த ஆவணங்களுக்கான அறிக்கை என்று ஒரு வசதி இருக்கிறது. பாஸ்போர்ட், ஆர்.சி. புக், டிரைவிங் லைசென்ஸ், படிப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, இதெல்லாம் தொலைந்தால் பெயர், முகவரி, என்ன ஆவணம், அதன் எண் என்ன, எங்கே எப்போது தொலைந்தது என்று நிரப்பினால் எண் போட்ட ஓர் அறிக்கை வந்துவிடும். சித்தப்பா மகன் பஸ்ஸில் பர்ஸை விட்டுவிட்டு வந்தபோது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே செல்போனில் முடித்தோம். இது நடக்காத காலத்தில் என்ன பாடு என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஸ்டேஷனுக்குப் போனால் எங்கே தொலைத்தீர்களோ அந்த எல்லைக்குப் போங்கள் என்பார்கள், அங்கே போனால் நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குப் போங்கள் என்பார்கள், நடுவில் ஒருவர் வெள்ளைத்தாள் ஒரு குயர் வாங்கி வரச் சொல்வார். அந்த அலைச்சல் மொத்தமும் இதில் ஒழிந்தது. ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள், இது நீங்கள் சொன்னதைப் பதிவு செய்துகொண்டதற்கான தாள்தான், போலீஸ் விசாரித்துக் கண்டுபிடித்துத் தரும் என்ற அர்த்தம் இல்லை. டூப்ளிகேட் வாங்க அது போதும்.

எஃப்ஐஆர் பார்க்கும் வசதியும் அப்படித்தான். மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, எண் போட்டால் நகல் கையில். இது சும்மா வந்த வசதி இல்லை. 2016ல் உச்ச நீதிமன்றம், எஃப்ஐஆர் பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டது. பாலியல் குற்றம், குழந்தைகளுக்கு எதிரான குற்றம், பயங்கரவாதம் மாதிரியானவற்றுக்கு விலக்கு உண்டு, அது நியாயமும்கூட. அதற்கும் முன்னால் 2009ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த சிசிடிஎன்எஸ் திட்டம் வந்து ஸ்டேஷன்களைக் கணினியால் இணைத்ததால்தான் இதெல்லாம் சாத்தியமானது. புகார் கொடுத்தவருக்கு எஃப்ஐஆர் நகல் இலவசம் என்பது சட்டம். அதற்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

அவசரத்துக்கு 2022ல் வந்த காவல் உதவி செயலியும் இருக்கிறது. வெளியூரில் படிக்கிற பெண் பிள்ளைகளின் போனில் போட்டு வைத்துவிடுங்கள். 100, 112 என்ற எண்கள் எல்லோருக்கும் தெரியும், பணம் ஏமாந்தால் உடனே அடிக்க வேண்டிய 1930தான் நிறைய பேருக்கு நினைவில் இருப்பதில்லை.

சரி, இப்போது புகாருக்கு வருவோம். தளத்தில் புகார் பதிவு செய்யலாம், ஒரு எண் வரும், நிலை என்ன என்று பார்க்கலாம். ஆனால் அந்த எண் எஃப்ஐஆர் இல்லை. ஸ்டேஷனில் கொடுக்கிற சிஎஸ்ஆர் என்கிற மனு ரசீதுகூட எஃப்ஐஆர் இல்லை. சிஎஸ்ஆர் என்பது நம்மூர் ஸ்டேஷன் நடைமுறை, மனு வந்தது, விசாரணையில் இருக்கிறது என்பதற்கான பதிவு, அவ்வளவுதான். இருந்தும் அந்த ரசீதை நான் ரொம்பப் பெரிதாக நினைக்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் தெருப் பெரியம்மா ஒருவருக்குத் துணையாக ஒரு ஸ்டேஷனுக்குப் போனேன், எந்த ஊர் என்பது இங்கே தேவையில்லை. வேலிக் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கொழுந்தன் மகன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான் என்று மனு. ஸ்டேஷன் எழுத்தரான ரைட்டர் வாங்கிப் பார்த்தார், மேஜை மேல் இருந்த கட்டோடு சேர்த்து வைத்தார், "சரிம்மா, போயிட்டு வாங்க, கூப்பிட்டு விசாரிக்கிறோம்" என்றார். பெரியம்மா நகரவே இல்லை. "ரசீது குடுங்கய்யா. வெறுங்கையோட போனா அவன் சிரிப்பான்" என்றார். இன்ஸ்பெக்டர் வரட்டும் என்றார்கள். வந்தார், பந்தோபஸ்துக்குக் கிளம்பிப் போனார். சாயங்காலம் வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் பாரா பெண் காவலர் ஒருவர்தான் உள்ளே போய்ப் பேசி அந்தத் துண்டுச் சீட்டை எழுதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வந்தார். பெரியம்மா அதைப் படிக்கக்கூட இல்லை, மடித்துச் சுருக்குப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். வழக்கு என்ன ஆகும் என்பது அப்புறம், அரசாங்கம் தான் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டது என்பதற்கு அவருக்கு ஓர் அத்தாட்சி வேண்டியிருந்தது.

உள்துறை என்கிற மொத்த அமைப்பையும் நான் இந்தச் சீட்டை வைத்துத்தான் மதிப்பிடுகிறேன். அப்படி மதிப்பிடுவது என் பிடிவாதம் இல்லை. இன்றைய தமிழ்நாடு போலீஸ் பிறந்ததே மனுக்களில் இருந்துதான், அந்த வரலாறு தெரிந்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

1816ல் வெள்ளைக்கார அதிகாரி தாமஸ் மன்றோ கொண்டுவந்த ஏற்பாட்டின்படி சென்னை மாகாணத்தில் போலீஸ் என்று தனியாக ஒரு துறை இல்லை. கலெக்டருக்குக் கீழே தாசில்தார், அவருக்குக் கீழே ஊர் மணியக்காரர், தலையாரி. வரி வசூலிக்கிறவரும் அவரே, திருடனைப் பிடிக்கிறவரும் அவரே. வரி கட்டாதவனை என்ன செய்தாலும் கேட்க ஆள் கிடையாது, ஏனென்றால் கேட்க வேண்டிய அதிகாரமும் அவர் கையில்தான். விஷயம் லண்டன் பாராளுமன்றம் வரைக்கும் போய், 1854ல் சித்திரவதைப் புகார்களை விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர் கொண்ட கமிஷன் போட்டார்கள். அந்த எலியட் சென்னையின் தலைமை மாஜிஸ்திரேட், போலீஸ் சூப்பரின்டெண்டென்டும்கூட. பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச் அவர் பெயரில்தான் இருக்கிறது, அங்கே சுண்டல் வாங்கிச் சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை.

அந்தக் கமிஷனுக்கு வந்த புகார்கள் 1,959. நேரில் வந்து சொன்னவர்கள் 519 பேர், மிச்சமெல்லாம் கடிதமாக வந்தவை. ரயில் கிடையாது, நல்ல ரோடு கிடையாது, நூற்றுக்கணக்கான மைல் கடந்து சென்னைக்கு வந்து வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள். 1855ல் வந்த அறிக்கையில் கிட்டி போடுவதைப் பற்றி விவரம் இருக்கிறது, இரண்டு குச்சிகளை ஒரு முனையில் கட்டி நடுவில் விரலை வைத்து நெரிப்பது. ஆளைக் குனிய வைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் போடுவதும் இருக்கிறது. இதையெல்லாம் செய்தவர்கள் பெரும்பாலும் நம்மூர்க் கீழ்நிலை ஊழியர்கள், வசூல் குறையக்கூடாது என்று மேலே உட்கார்ந்திருந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். கமிஷன் அறிக்கை மேலே இருந்தவர்களைக் கொஞ்சம் பத்திரமாகக் காப்பாற்றிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் சித்திரவதை நடக்கிறது என்பதை அரசாங்கமே அச்சடித்து ஒப்புக்கொள்ள வைத்தவை அந்த மனுக்கள்தான்.

அதன் விளைவுகளில் ஒன்று 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டம். வருவாய்த் துறையில் இருந்து போலீஸைப் பிரித்துத் தனித் துறையாக்கி, வில்லியம் ராபின்சனை அதன் தலைவராகப் போட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து 1861ல் வந்த இந்தியப் போலீஸ் சட்டத்துக்கு இதுதான் முன்னோடி. தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம் 1859 என்ற பெயரில் அந்தச் சட்டம் இன்னும் நம் தலைக்கு மேல் இருக்கிறது. மெரினாவில் டிஜிபி அலுவலகம் இருக்கிற வெள்ளைக் கட்டடமும் அந்தக் காலத்துச் சொத்துதான். 1839ல் ஃப்ரீமேசன்கள் கட்டியது, 1865ல் மாதம் 90 ரூபாய் வாடகைக்குப் பிடித்து, 1874ல் 20,000 ரூபாய்க்குப் போலீஸ் விலைக்கே வாங்கிக்கொண்டது.

தலைமைக்கு வருவோம். பிரித்துத் தனியாக்கிய போலீஸை யார் கட்டுப்படுத்துவது என்கிற கேள்விக்கு வெள்ளைக்காரர்கள் ரொம்ப நாள் விட்டுக்கொடுக்கவில்லை. 1920ல் இரட்டையாட்சி வந்து கல்வியும் சுகாதாரமும் நம் அமைச்சர்களுக்கு வந்தபோதுகூட போலீஸ், சிறை, நிதி எல்லாம் ஒதுக்கப்பட்ட துறைகள் என்று கவர்னரின் நிர்வாகக் குழுவிடமே இருந்தன. அந்தக் குழுவில் உள்துறையைப் பார்த்தவர்களில் முகமது உஸ்மான் முக்கியமானவர், 1925 முதல் பல வருஷம் அந்தப் பொறுப்பில் இருந்து 1934ல் சில மாதம் தற்காலிகக் கவர்னராகவும் இருந்தார். ஆனால் சட்டசபைக்கு அவர் கட்டுப்பட்டவர் இல்லை. 1926 முதல் 1930 வரை முதல் மந்திரியாக இருந்த டாக்டர் ப. சுப்பராயனால் ஒரு கான்ஸ்டபிளைக்கூட மாற்ற முடியாது, ஏனென்றால் போலீஸ் அவர் கையில் இல்லை. அதே சுப்பராயன் 1947ல் ஓமந்தூரார் அமைச்சரவையில் உள்துறை, போலீஸ் அமைச்சர் ஆனார். சுதந்திரம் வந்ததன் அர்த்தத்தை ஒரு மனிதரின் இரண்டு பதவிகளில் பார்க்கலாம்.

1937ல் மாகாண சுயாட்சி வந்தபோதுதான் போலீஸ் அமைச்சரவையின் கைக்கு வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு காமராஜர் காலத்தில், 1957 முதல் 1962 வரை, மு. பக்தவத்சலம் உள்துறை அமைச்சர். முதலமைச்சர் வேறு, உள்துறை அமைச்சர் வேறு. 1957ல் முதுகுளத்தூர்ச் சாதிக் கலவரமும் கீழத்தூவல் போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்தபோது பேரவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டியவராக பக்தவத்சலம் இருந்தார். அவர் சொன்ன பதில் சரியா தப்பா என்று இன்றுவரை சண்டை இருக்கிறது, அது வேறு. போலீஸுக்கென்று ஓர் ஆள், அந்த வேலைக்காகவே பேரவையில் நிற்கிறார் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

அதன்பின் அந்த வழக்கம் போய்விட்டது. கட்சி மாறினாலும் கோட்டையில் ஆள் மாறினாலும், பல பத்தாண்டுகளாகக் காவல்துறை முதலமைச்சரிடமே இருக்கிறது. ஜெயலலிதா, எடப்பாடி பழனிசாமி, மு.க. ஸ்டாலின் மூவரும் அதைத் தங்களிடமேதான் வைத்திருந்தார்கள். 2016ல் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தபோது அவர் வகித்த துறைகளை ஓ. பன்னீர்செல்வத்துக்குக் கொடுக்க, கவர்னர் அரசியல் சாசனத்தின் 166(3) பிரிவின்படி அறிவிப்பு வெளியிட வேண்டி வந்தது. அதில் உள்துறையும் இருந்தது. போலீஸை யாரிடமும் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் நாற்காலி ஆடும் என்கிற பயம் எல்லாக் கட்சிக்கும் உண்டு என்றுதான் நினைக்கிறேன். பக்கத்தில் கேரளத்தில் கோடியேரி பாலகிருஷ்ணன், ரமேஷ் சென்னிதலா என்று முதல்வர் அல்லாதவர்கள் உள்துறையை நடத்தியிருக்கிறார்கள். கர்நாடகத்தில் ஜி. பரமேஸ்வரா. அங்கே வானம் இடிந்து விழவில்லை.

இந்தத் துறை எவ்வளவு பெரியது என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. அதன் முழுப் பெயரே உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. போலீஸ் அதில் ஒரு பகுதி. சிறை, தீயணைப்பு, தடய அறிவியல், அரசு வழக்கு நடத்துகிற பிரிவு, நீதிமன்ற நிர்வாகம் எல்லாம் இதற்குள் வரும். நீங்கள் லைசென்ஸ் எடுக்கப் போகிற ஆர்.டி.ஓ. ஆபீஸின் அரசாணைகள் உள் (போக்குவரத்து) துறை என்ற பெயரில்தான் வரும். சினிமா டிக்கெட் விலை, பண்டிகைக்குச் சிறப்புக் காட்சி அனுமதி, இதற்கும் அரசாணை உள் (சினிமா) துறையில் இருந்துதான், காரணம் 1955ல் வந்த திரையரங்க ஒழுங்குமுறைச் சட்டம். முதல் நாள் முதல் காட்சிக்குக் கத்துகிற ரசிகனுக்கும் ஜெயிலில் மனு எழுதுகிற கைதிக்கும் கோப்பு ஒரே செயலாளர் மேஜைக்குத்தான் போகிறது. 2023, 2024ல் பெ. அமுதா ஐஏஎஸ் இந்த நாற்காலியில் இருந்தார், மேடையில் நாம் பார்ப்பது அமைச்சர்களைத்தான் என்றாலும் தினசரி வேலை ஓடுவது இந்தச் செயலாளர் கையெழுத்தில். இத்தனைக்கும் மேலே அரசியல் பொறுப்பு ஒரே ஒருவர், அவருக்கு மாநிலத்தின் மற்ற எல்லா வேலையும் இருக்கிறது.

பேரவையில் காவல் மானியக் கோரிக்கை, எண் 22, விவாதத்துக்கு வரும்போது முதலமைச்சரே பதில் சொல்வார். அப்போது கொடுக்கிற கொள்கை விளக்கக் குறிப்பை அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம், தமிழிலும் இருக்கிறது. வண்டி எத்தனை வாங்கினார்கள், குடியிருப்பு எத்தனை கட்டினார்கள், குற்ற வழக்கு எத்தனை என்று புள்ளிவிவரம் நிறைய. பொறுமை இருந்தால் படியுங்கள், உங்கள் ஊருக்கு என்ன அறிவித்தார்கள் என்று அதை வைத்துக் கேள்வி கேட்கலாம்.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டாமல் போகக்கூடாது. 1973ல் ஒரு எஸ்ஐ, ஒரு ஏட்டு, 20 காவலர் என்று பெண் போலீஸைத் தொடங்கியது தமிழ்நாடு. 1992ல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது, இன்று தாலுகா அளவில் அது சாதாரணமாகிவிட்டது. மகளிர் ஸ்டேஷனில் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன், சமாதானம் பேசி அனுப்புவதிலேயே குறியாக இருக்கிற இடங்களும் உண்டு. ஆனால் ஒரு கிராமத்துப் பெண் தனியாக உள்ளே போய் உட்கார்ந்து பேசலாம் என்கிற நிலையை உண்டாக்கியது பெரிய காரியம். போலீஸ் கமிஷன்களும் போட்டிருக்கிறார்கள், 1969ல் ஆர்.ஏ. கோபாலசாமி தலைமையில் முதல் கமிஷன், 2022ல் ஓய்வுபெற்ற நீதிபதி சி.டி. செல்வம் தலைமையில் நான்காவது.

அப்புறம் எனக்குக் கோபம் வருகிற இடம். போலீஸ் மேலேயே புகார் இருந்தால் எங்கே போவது? 2006ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, மாநில அளவிலான காவல் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்று. தமிழ்நாடு 2013ல் ஒரு சீர்திருத்தச் சட்டம் போட்டது. அதன்படி மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர், டிஜிபி ஓர் உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். போலீஸ் மேல் கொடுக்கிற மனுவை அந்தப் போலீஸை நடத்துகிற துறையே வாங்கி, அதுவே விசாரித்து, அதுவே முடிவு சொல்லும். வரி வசூலிக்கிறவரிடமே வரிக் கொடுமையைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டியிருந்த 1855க்கு முந்தின நிலையில் இருந்து இது எந்த வகையில் வேறு? இதைக் கேட்டு உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போட்டவர்களின் பக்கம்தான் நான்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது நடந்த ஒன்றை நான் மறக்கவே மாட்டேன். தடயம் அழிந்துவிடக்கூடாது என்று, அந்த ஸ்டேஷனை வருவாய்த் துறை அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. தாசில்தாரிடம் இருந்து மக்களைக் காப்பாற்ற 1859ல் தனியாகப் பிரித்த போலீஸ், அதன் ஸ்டேஷனையே பூட்டிப் பாதுகாக்க 2020ல் தாசில்தாரை அனுப்ப வேண்டி வந்தது. உள்துறை வரலாற்றை எழுதுகிறவர்கள் யாராக இருந்தாலும் இந்த நாளுக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பயந்து மனு கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். சட்டம் முன்பைவிட இப்போது உங்கள் பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு போங்கள். 2013ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம், பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று மனுவிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டது. குடும்பத் தகராறு, வியாபாரத் தகராறு மாதிரி சிலவற்றில்தான் முதலில் விசாரித்துப் பார்க்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி எந்த எல்லையில் நடந்த குற்றமாக இருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் சொல்லலாம், எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. இணையம் வழியாகவும் தகவல் கொடுக்கலாம், ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். நான் முதலில் சொன்னேனே, இணையத்தை மட்டும் நம்பி வீட்டில் உட்காராதீர்கள் என்று, அதற்கு இதுதான் முக்கியமான காரணம். பதிவு செய்தாயிற்று என்று இருந்துவிட்டால் அந்த மூன்று நாள் ஓடிவிடும். மூன்று வருஷத்தில் இருந்து ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டிஎஸ்பி அனுமதியுடன் 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்துகொள்ள அவர்களுக்கு இடம் இருக்கிறது. எனவே சிஎஸ்ஆர் கொடுத்தால் அதில் உள்ள தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனில் எடுக்கவில்லை என்றால் மனுவைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், பதிவுத் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அவரும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம், அதற்கு முன்னால் எஸ்.பி.க்கு அனுப்பிய சான்று கேட்பார்கள். 2021ல் உருவான முதல்வரின் முகவரித் துறைக்கும் 1100 எண்ணுக்கும் அனுப்பலாம், ஆனால் பெரும்பாலும் அது சுற்றி அதே ஸ்டேஷனுக்குத்தான் விசாரணைக்கு வரும், அதை எதிர்பார்த்தே அனுப்புங்கள். காவலில் அடித்தார்கள், மிரட்டினார்கள் என்றால் 1997ல் இருந்து இயங்குகிற மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது.

மதிப்பெண் கேட்டால், தொலைந்த ஆவண அறிக்கைக்கும் எஃப்ஐஆர் நகலுக்கும் ஐந்துக்கு நாலரை. இணையப் புகாருக்கு இரண்டு. உள்துறைக்கு மொத்தமாக மதிப்பெண் போட எனக்கு இன்னும் இரண்டு விஷயம் வேண்டும். புகார் ஆணையத்தில் செயலாளரை எடுத்துவிட்டு ஓய்வுபெற்ற நீதிபதியை உட்கார வைக்க வேண்டும். இரண்டாவது, அடுத்த கொள்கை விளக்கக் குறிப்பில் ஸ்டேஷன்வாரியாக ஓர் அட்டவணை வர வேண்டும், எத்தனை மனு வந்தது, எத்தனைக்கு ரசீது கொடுத்தார்கள், எத்தனை எஃப்ஐஆர் ஆனது என்று. கணினியில் இருக்கிற தகவல்தானே, அச்சடிக்கக் காசு அதிகம் ஆகாது. எந்த ஆட்சி அதைப் போடுகிறதோ அந்த ஆட்சியின் உள்துறைக்கு ஐந்துக்கு ஐந்து போட நான் தயார்.